வேண்டாம் சொல்கிறவள்

மழை நாற்பது வீதம் என்றது போனில் இருந்த ஒரு செயலி. ஈரப்பனி அறுபது வீதம் என்றது இன்னொன்று. மூன்றாவது, மத்தியானத்துக்குப் பிறகு வெயில் என்று ஒரு மஞ்சள் வட்டத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. நான் மூன்றாவதை நம்பினேன். வானிலை தெரிந்து நம்பவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

ஒக்ரோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, பின்னேரம். மொன்றியலில், வில்லரே பகுதியில் என் சினேகிதி பிரஷாந்தினி வீட்டுக் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். மேசை முழுக்கப் பயற்றம் உருண்டை. பிரஷாந்தினி சட்டைக் கையை மடித்துவிட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஜெயனி அன்ரி அடுப்பில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரஷாந்தினியின் கல்யாணத்துக்குப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை றஜிந்தனின் ஆட்கள் லண்டனிலிருந்து வந்து லாசாலில் ஓர் உறவினர் வீட்டில் இறங்கியிருந்தார்கள். அங்கேதான் ஆசாரியார் தாலிக்கு ஒரு பவுனை உருக்குவார். உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்து இங்கே கொண்டுவந்து காட்டுவார்கள். வாசலில் கன்னிக்கால் நடுவார்கள். முள்முருக்கு கிடைக்காத ஊரில் அது பூச்சாடியில் நட்ட மேப்பிள் கொப்பு. அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் பெண் வாசல்படி தாண்டக்கூடாது. கல்யாணம் முடிந்தால் லண்டன். ஆக, மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை வால்-டாவிட் மலைக்குப் போய்க் கல்லில் ஏறுவது என்று நானும் அவளும் கோடையிலேயே பேசி வைத்திருந்தோம்.

"நாளையிண்டைக்குப் பொன்னுருக்கு," என்றார் அன்ரி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நாளைக்கு இவ கல்லிலை தொங்கப் போறாவாம். முகத்திலை ஒரு கீறல் விழுந்தா வீடியோக்காரன் என்ன செய்வான்?"

"அழிச்சுவிடுவான் அன்ரி. இப்ப எல்லாத்தையும் அழிக்கலாம்."

"கால் முறிஞ்சா?"

"வலது கால் முறியாமப் பாத்துக்கொள்ளுறம். அதைத்தானே எடுத்து வைக்கோணும்."

"வாயைப் பார் வாயை. பல்கலைக்கழகத்திலை உதைத்தான் படிப்பிச்சவையோ சாருஜா?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா சென்ட் லோரன்ட்டில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறார். அம்மா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அதனால் நான் தும்மினாலும் "படிச்ச பிள்ளை இப்பிடித் தும்மலாமோ" என்று கேட்க மொன்றியல் தமிழர் அத்தனை பேருக்கும் உரிமை இருக்கிறது. கேட்டால் எனக்குக் கொதிக்கும். அன்றைக்கு அடுப்பில் இருந்த பாகைவிட வேகமாகக் கொதித்தது.

"உன்ரை போன் என்ன சொல்லுது? மழையோ இல்லையோ?"

"ஒண்டு மழை எண்டுது, ஒண்டு பனி எண்டுது, ஒண்டு வெயில் எண்டுது."

"அப்ப மூண்டும் வரும். நான் வேண்டாம் எண்டுறன். அவ்வளவுதான்."

பிரஷாந்தினி கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். நிமிரவில்லை. "நான் போறன் அம்மா," என்றாள்.

அன்ரி அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், அவள் வாய்க்குள் உட்கார்ந்து நான் பேசியதைப் போல.

*

வேண்டாம் என்பது எனக்கும் பிரஷாந்தினிக்கும் நடுவில் சும்மா ஒரு சொல் அல்ல. அது சட்டம். ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் கட்டிக்கொள்கிற இரண்டு பேரில் ஒருத்தி வேண்டாம் என்றால் அன்றைக்கு ஏறுவதில்லை. ஏன் என்று மற்றவள் கேட்கக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு முன் செஜெப் கல்லூரியில் படித்த காலத்தில், ஏறத் தொடங்கிய முதல் கோடையிலேயே போட்டுக்கொண்ட சட்டம். எட்டு வருடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னது எப்போதும் பிரஷாந்தினிதான். நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

ஒருநாள் வால்-டாவிட்டில் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். மூக்கை உயர்த்திக் காற்றை மணந்து பார்த்தாள். "வேண்டாம்," என்று சொல்லிக் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வானம் பளிங்குபோல இருந்தது. நான் திரும்பி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அவளோடு கதைக்கவில்லை. சென் ஜெரோமில் ஒரு தெப்பனேர் பெட்டிக்கடையில் நிறுத்தச் சொல்லி உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கி என் மடியில் போட்டாள். பையைப் பிரிப்பதற்குள் ஆலங்கட்டி விழுந்தது. காரின் கூரையில் யாரோ பறை அடிப்பது மாதிரி. அவள் என் மடியிலிருந்த சிப்ஸில் இரண்டை எடுத்துத் தின்றாள்.

எப்போதும் அவள் சொன்னது சரி என்று நினைக்கவேண்டாம். இன்னொரு முறை அவள் வேண்டாம் சொன்ன நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்த கோடை வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினேன். "ஓம், பிழைச்சுப் போச்சு. ஆனா நீ உயிரோடை இருந்துதானே என்னைத் திட்டுறாய்," என்பாள். அவளுக்கு வெட்கமே கிடையாது.

முதலில் ஏறியது கல்லில் அல்ல, மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய தையல் தொழிற்சாலை ஒன்றுக்குள் கட்டியிருந்த செயற்கைச் சுவரில். வீட்டில் நூலகம் என்று சொல்லிவிட்டுப் போவோம். புத்தகப் பைக்குள் ஏறுகிற சப்பாத்து இருக்கும். அம்மா ஒருநாள் பையைத் திறந்துவிட்டு, "நூலகத்திலை எலி செத்துப்போச்சோ?" என்று கேட்டார். அந்தச் சப்பாத்தின் மணம் அப்படி. வெறுங்காலில் போட்டு வியர்வையில் ஊறிய ரப்பர். இன்றைக்கும் அந்த மணம் வந்தால் எனக்குப் பதினேழு வயது ஆகிவிடுகிறது. கை வழுக்காமல் பூசும் சோக்குத் தூள் பறக்கிற அந்த மண்டபம், கண்ணாடி உடைந்த உயரமான யன்னல்கள், ஏறி முடித்துவிட்டு நடுங்கும் விரல்களால் நாங்கள் பிய்த்துத் தின்ற சம்பல் பாண். இனி மகிழ்ச்சி என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது.

பிறகு வெளியே, உண்மையான கல்லுக்குப் போனோம். அங்கே கோடைச் சனிக்கிழமைகளில் கல்முகம் முழுக்க ஆட்கள். எல்லோரும் பிரெஞ்சில் ஒரே சொற்களைக் கத்துவார்கள். கயிற்றைத் தளர்த்து, கயிற்றை இழு. யார் யாருக்குக் கத்துகிறார்கள் என்று விளங்காது. நாங்கள் எங்கள் பாட்டுக்குத் தமிழில் கத்தினோம். "இளக்கு!" "இறுக்கு!" "பிடிச்சிட்டியா?" "பிடிச்சிட்டன்!" அந்தக் கல்முகத்தில் எங்கள் சொல் எங்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு வாரமும் வரும் தாடிக்கார கியூபெக் மனிதர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் எங்களைக் கண்டதும் வணக்கத்துக்குப் பதிலாக "இருக்கூ!" என்று கையை ஆட்டுவார்.

கல்லில் இருந்த பாதைகளுக்குப் புத்தகத்தில் பிரெஞ்சுப் பெயர்கள் இருந்தன. நாங்கள் வேறு பெயர்கள் வைத்தோம். தெற்கு முகத்தில் அடியிலிருந்து உச்சிவரை ஓடும் நீளமான வெடிப்புக்குப் பெயர் 'மாமி'. கீழே நின்று பார்த்தால் அமைதியாக இருக்கும். கிட்டப் போனால் நாங்கள் செய்வதெல்லாம் குறை. கையை வைத்தால் கை சரியில்லை, காலை வைத்தால் கால் சரியில்லை. நான் மாமியில் முன்னால் ஏறியிருக்கிறேன். பிரஷாந்தினி என் பின்னால், மேலே நான் பிடித்திருக்கும் கயிற்றில் ஏறியிருக்கிறாள். முன்னால் ஏறியதில்லை. முன்னால் போகிறவளுக்கு மேலே கயிறு கிடையாது. வெடிப்புக்குள் உலோக ஆப்புகளைச் செருகிச் செருகி, அவற்றில் கயிற்றைக் கொளுவிக்கொண்டு போகவேண்டும். கை வழுக்கினால் கடைசியாகச் செருகிய ஆப்பு வரைக்கும் விழுந்து, பிறகு அதே அளவு இன்னும் கீழே விழவேண்டும். ஆப்பு பிடித்தால் அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

"மெய்யான மாமி வீட்டுக்குப் போக முதல் இந்த மாமியை முடிச்சுப்போட்டுப் போகோணும்," என்று கோடையில் சொன்னவள் அவள்தான். அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

றஜிந்தன் மேல் எனக்குக் கோபமாவது வந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. நல்ல பொடியன். "கவனமாப் போட்டு வாங்கோ, படம் அனுப்புங்கோ," என்று செய்தி அனுப்பியிருந்தான். அவளாகத் தேடி, அவளாகப் பிடித்து, அவளாக ஓம் சொன்ன கல்யாணம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் என் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அன்ரி மேலும், பயற்றம் உருண்டை மேலும், வானத்தின் மேலும் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

*

சனிக்கிழமை காலை லவால் பாலத்தில் மழை. சின்ன மழை இல்லை, துடைப்பான் வேகத்தைக் கூட்டவேண்டிய மழை.

"இது நகரத்திலைதான். வடக்கை போகப் போக விலகும்," என்றேன்.

பிரஷாந்தினி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம், ஈரப்பதம் எவ்வளவு என்று வாசித்துக்கொண்டு வருவாள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுக்கும். அன்றைக்குப் போன் அவள் பைக்குள் இருந்தது.

சென் ஜெரோம் தாண்டியதும் மழை நின்றது. "பாத்தியா?" என்றேன். சென்-அடேல் மேட்டில் ஏறியபோது ஊசியிலை மரங்களின் தலையில் மாவு தூவியதுபோல வெள்ளை தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஒருத்தியும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வால்-டாவிட்டில் கோப்பி வாங்க ஒரு தெப்பனேரில் இறங்கினோம். காசு வாங்கிய பெண் எங்கள் பையில் தொங்கிய கயிற்றைப் பார்த்துவிட்டு, இன்றைக்கா ஏறப் போகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். பார்க்கலாம் என்று பிரஷாந்தினி அவளுக்குச் சொன்னாள். வெளியே வந்து என்னிடம், "உவளுக்கும் அம்மா போன் எடுத்திருப்பாவோ?" என்றாள். அன்று காலை அவள் சொன்ன முதல் பகிடி அது. நான் தேவைக்கு மேல் சிரித்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் மட்டும்தான். நடைபாதையில் உதிர்ந்த இலைகள் காலடியில் சத்தம் போடவில்லை, அவ்வளவு நனைந்திருந்தன. எத்தனை கோடை இந்தப் பாதையில் நடந்திருப்போம். முன்னால் போகிறவள் பாட, பின்னால் போகிறவள் மூச்சு வாங்கிக்கொண்டே பிழை பிடிப்பாள். அன்றைக்கு அவள் முன்னால் போனாள். பாடவில்லை. நான் அவளுடைய பையில் ஆடிய ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது பழைய நீல ஹெல்மெட். அதைப் போட்டால் அவள் தலை பெரிய கத்தரிக்காய் மாதிரி இருக்கும்.

கல்லடிக்கு வந்தோம். யாரும் இல்லை. கீழ்ப்பகுதிக்கு மேலே கல் கொஞ்சம் முன்னே தள்ளியிருப்பதால் அடி காய்ந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது. நல்ல சாம்பல். நம்பலாம் போன்ற சாம்பல். அதற்கு மேலே மாமி கறுப்பாக இருந்தாள். வெடிப்பின் நீளத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு, எண்ணெய் பூசியது மாதிரி மினுங்கியது. மேலே காட்டில் பெய்தது எல்லாம் அந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்கும். அதற்கு நாள் கணக்கு உண்டு. அன்றைக்கு வெயிலே வந்தாலும் அது காயாது. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"மேலை கறுப்பாக் கிடக்கு," என்றேன்.

"ஓம்."

"கீழை காஞ்சிருக்கு."

"ஓம்."

முதல் பனித்துகள் அவளுடைய சட்டையில் விழுந்து கரைந்தது. "தூறுது," என்றேன்.

"தூறுது."

"அப்ப என்ன?"

"என்ன, என்ன?"

அவள் இடுப்புப் பட்டியை இறுக்கினாள். ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்துப் பட்டியில் கொளுவினாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் வேண்டாம் சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை குசினியில் இருந்து அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்வாள், நான் கத்துவேன், சிப்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். எட்டு வருடமாக நான் துணிந்த கட்டையாகத் திரிந்ததெல்லாம் அவள் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றதால்தான்.

அன்றைக்கு அவள் சொல்லப் போவதில்லை. நாளைக்கு அவளுக்கு வாசல்படி இல்லை. சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்லவேண்டும். ஆனால் நான் சொன்னால் அது ஜெயனி அன்ரியின் சொல். பாகுச் சட்டிக்கு முன்னால் நின்று அவர் சொன்ன அதே சொல். வீடியோக்காரனுக்காகச் சொன்ன சொல். அதை நான் என் வாயால் சொல்வதா?

அவள் கயிற்று முனையைப் பட்டியில் கோத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சைப் பார்க்கச் சொல்லி என் பக்கம் திரும்பினாள். ஒருத்தி முடிச்சை மற்றவள் தொட்டுப் பார்க்கவேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். தொட்டேன். சரியாக இருந்தது. கையை எடுக்கும்போது அவளுடைய கை என் கையில் பட்டது.

பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை வழுவழுவென்று இருந்தது. விரல்களின் அடியில் கல்போல் இருந்த காய்ப்புகள் ஒன்றையும் காணவில்லை.

"என்னடி இது?"

"அம்மா ஒரு கிறீம் தந்தவ. மோதிரம் போடேக்கை கிட்டத்திலை படம் எடுப்பாங்களாம். இது பொம்பிளையின்ரை கை மாதிரி இல்லையாம்."

"எவ்வளவு நாளாப் பூசுறாய்?"

"பூசுறன்."

"பிரஷா, இந்தக் கையோடையா வெடிப்புக்குள்ளை கையை விடப்போறாய்? உரிஞ்சு வந்திடும்."

"உரியட்டும்." கையை இழுத்துக்கொண்டாள். கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். சோக்குப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு எடுத்து ஊதினாள். தூளும் பனியும் ஒன்றாகப் பறந்தன. பிறகு திரும்பாமல், ஆயிரம் தரம் கேட்டதைப் போலவே கேட்டாள்.

"பிடிச்சிட்டியா?"

கயிறு என் கையில் இருந்தது. பிடிச்சிட்டன் என்று நான் சொன்னால் அவள் கால் தரையை விட்டுவிடும்.

"வேண்டாம்," என்றேன்.

அவள் திரும்பினாள். "என்ன?"

"வேண்டாம் எண்டுறன்."

"நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்கக்கூடாது."

"இண்டைக்குக் கேப்பன். அம்மா வேண்டாம் எண்டுறா. பெரியம்மா வேண்டாம் எண்டுறா. ஐயர் நாள் பாத்து, இதுக்குப் பிறகு வெளியிலை விடவேண்டாம் எண்டுறார். எல்லாருக்கும் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு இந்த ஒண்டை எனக்கெண்டு வச்சிருந்தனான். இப்ப நீயும் சொல்லுறாய்."

"அவை உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லினம். நான் கல்லைப் பாத்துச் சொல்லுறன்."

"கல்லு எப்பவும் ஈரம்தான். போன வருசம் இதைவிட மோசமா நிண்ட நாள் நீ ஏறுவம் எண்டு துள்ளினனி."

"நீ வேண்டாம் எண்டனி. ஏறேல்லை."

"அப்ப அடுத்த வருசம் வருவன் எண்டு நினைக்கிறியோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராவது என்றால், வருவாய், கட்டாயம் வருவாய், நாங்கள் ஏறுவோம் என்று சொல்லி அணைத்திருப்பார்கள். எனக்கு அந்த வேலை வராது.

"இல்லை," என்றேன். "வரமாட்டாய்."

"அப்ப?"

"அப்பவும் வேண்டாம்."

அவளுடைய முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எனக்கு முதுகைக் காட்டிக் கல்லில் கையை வைத்தாள். கயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் ஓர் ஆள் உயரம் ஏறினாள். அவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கலாம். நான் நேர் கீழே போய் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். காய்ந்த பகுதி முடிகிற இடத்தில், தலைக்கு மேலே வலது கையை எட்டி மாமிக்குள் விட்டாள். அப்படியே நின்றாள். வெடிப்பிலிருந்து தண்ணீர் அவளுடைய மணிக்கட்டில் ஓடி, முழங்கையில் ஓடி, சட்டைக் கைக்குள் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விலா வரைக்கும் போயிருக்கும். அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு இறங்கினாள்.

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நனைந்த கயிறு இறுகியிருந்தது, மிருதுவான விரல்களால் அவிழ்ப்பது கஷ்டமாக இருந்தது. நான் உதவப் போகவில்லை. உதவியிருந்தால் அறைந்திருப்பாள்.

*

கல் முன்னே தள்ளியிருந்த இடத்துக்குக் கீழே, பனி விழாத ஒரு கைப்பிடி இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சம்பல் பாணைப் பிரித்தேன். அவள் வாங்கினாள். அது நல்ல அறிகுறி. பனி இப்போது தூறலாக இல்லை, சரியான பனியாக விழுந்தது. ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்துக்குள் எதிரே இருந்த காடு காணாமல் போனது. நல்ல சாம்பல் என்று நான் சொன்ன அடிக்கல்லும் கறுத்தது.

"இப்ப பாதி வழியிலை நிண்டிருப்பன்," என்றாள்.

"ம்."

"எனக்கு இன்னும் உன்னிலை கோவம்தான்."

"இரு. ஆர் வேண்டாம் எண்டது?"

"நீதான்." ஒரு பக்கமாகச் சிரித்தாள். வாய் நிறையப் பாண். "நான் வேண்டாம் சொல்லுற நேரமெல்லாம் உனக்கு இப்பிடித்தான் இருந்ததோ?"

"இதைவிட மோசம். நீ சொல்லிப்போட்டுச் சிப்ஸ் தின்னுவாய்."

சிரித்து முடிந்தது. நான் கேட்டேன். "உனக்கு எப்பிடி இருக்கும், சொல்லேக்கை?"

"எதை?"

"வேண்டாம் எண்டு."

பாணின் ஓரத்தைப் பிய்த்து வைத்துக்கொண்டு யோசித்தாள். "உச்சிக்குக் கிட்ட வந்து நானே கையை விடுற மாதிரி. ஒவ்வொருக்காலும்."

"நீ பயத்திலை சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

"பயமோ? விசரி. உன்னைவிட எனக்குத்தான் ஏற ஆசை. வெள்ளிக்கிழமை எல்லாம் நித்திரை வராது. ஆனா நீ சொல்லமாட்டாய் எண்டு தெரியும். அப்ப ஆர் சொல்லுறது?"

எட்டு வருடம் ஒரே கயிற்றில் தொங்கியிருக்கிறேன். அவளுடைய எடை, அவள் மூச்சு மாறும் இடம், பயந்தால் இடது முழங்கால் ஆடுவது எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது. நான் கோபித்துக்கொண்டு கதைக்காமல் ஓட்டி வந்த அத்தனை பயணத்திலும் பக்கத்தில் அவள் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபம் மாதிரித்தான் வெளியே வரும்.

"இனி எனக்கு ஆர் சொல்லுறது, சொல்லு? லண்டனிலை இருந்து மணந்து பாத்துச் சொல்லுவியோ?"

"நீயே சொல்லு. இண்டைக்குச் சொன்னனிதானே. நல்லாத்தான் சொன்னனி." என் தோளில் இடித்தாள். "கொஞ்சம் மரியாதையாச் சொல்லியிருக்கலாம்."

*

திரும்பி வரும் வழியில் சென்-அடேல் இறக்கத்தில் அன்ரியின் அழைப்பு வந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரஷாந்தினி காரின் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறம் அம்மா."

"இஞ்சை மழை கொட்டுது. ஏறினியளோ, ஏறேல்லையோ?"

பிரஷாந்தினி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெற்றியை அன்ரிக்குக் கொடுக்கமாட்டாள்.

"ஓம் அம்மா. ஏறினம்," என்றாள்.

கார் ஒருகணம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வந்தது. நான் வசவுக்குக் காத்திருந்தேன். வந்தது. "சொல்லச் சொல்லக் கேக்கிறேல்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டோடை வந்து நிக்கேக்கை நீ கட்டோடை நிண்டிருந்தா? ஆரிட்டை என்ன சொல்லுறது? கை கால் எல்லாம் சரியோ?"

"சரி."

"முகம்?"

"முகமும் சரி."

எங்கேயோ ஒரு மூடி சட்டியின் மேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பிள்ளை," என்றார். குரல் மாறியிருந்தது. அடுப்புக்கு அப்பால், யன்னல் பக்கம் போய் நின்று கதைப்பது போல. "அதிலை ஏறி உச்சியிலை நிண்டா என்ன தெரியும்?"

எட்டு வருடத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. யாருடைய அம்மாவும் கேட்டதில்லை.

பிரஷாந்தினி முன்னால் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே துடைப்பான்கள் பனியை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தன. முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

"குளம் தெரியும் அம்மா," என்றாள். "வட்டமா இல்லை, அவரைக்காய் மாதிரி வளைஞ்சது. அங்காலை சேர்ச் கோபுரம், தகரக் கூரை. வெயில் பட்டா கண் கூசும். முந்தி றெயில் ஓடின பாதை ஒண்டு இருக்கு, அதிலை இப்ப சைக்கிள் போகுது. மேலை இருந்து பாக்க எறும்பு மாதிரி. மரமெல்லாம் சிவப்பு. சிவப்பெண்டா சும்மா சிவப்பில்லை, கூறைச் சீலைச் சிவப்பு. நடுவிலை நடுவிலை மஞ்சள்."

அது எந்த நாள் என்று எனக்குத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் முதல்முதலாக உச்சியைத் தொட்ட செப்டெம்பர். அவளுக்கு ஹெல்மெட் பெரிது. எனக்குச் சப்பாத்து சின்னன். இறங்க மனமில்லாமல் பொழுது சாயும்வரை அங்கேயே மல்லாந்து கிடந்தோம்.

"குளிரேல்லையோ?"

"இல்லை அம்மா. கல்லு சூடு. முதுகை வச்சுப் படுத்தா அடுப்புக்குப் பக்கத்திலை கிடக்கிற மாதிரி."

"மெய்யே சாருஜா?" என்றார் அன்ரி.

நான் பொய் சொல்வதில்லை. சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இது போன். அதோடு அது பொய்யும் இல்லை.

"ஓம் அன்ரி. ஒரு பருந்தும் நிண்டது. எங்களுக்குக் கீழை பறந்தது."

"கீழையோ?"

"ஓம். நாங்கள் இருந்த இடத்துக்குக் கீழை. சுத்திச் சுத்தி."

"அப்ப அதின்ரை முதுகு தெரிஞ்சிருக்கும்."

"முதுகுதான் அன்ரி தெரிஞ்சது. மண்ணிறம். செட்டை நுனியிலை வெளிர்."

அன்ரியின் பக்கம் மழை பெய்யும் சத்தம் கேட்டது.

"பருந்தின்ரை முதுகை நான் ஒருநாளும் பாத்ததில்லை," என்றார். "வேறை என்ன தெரிஞ்சது? சொல்லு பிள்ளை."

பிரஷாந்தினி போனை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள். நான் வேகத்தைக் குறைத்து வலது ஓரத்துக்கு வந்தேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனான். போகட்டும். அவள் சொல்லத் தொடங்கினாள்.